பொய்ப்பஞ்சு

காலையில் வெங்கடகிருஷ்ணனுக்கு வயிறு போனால் அந்த வீட்டில் முதலில் கேட்பது அவருடைய அறைக்கதவு சாத்தப்படுகிற சத்தம். சாத்துகிறவள் அவருடைய ஒரே மகள் விஜயலக்ஷ்மி. சாத்திவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டு வரைக்கும் போய், அங்கிருந்து குரல் கொடுப்பாள்.

"மங்கலம்! அப்பாவக் கொஞ்சம் பாரேன்!"

மங்கலம் பார்ப்பாள். அதற்குத்தானே அவளை வைத்திருக்கிறது. ஹோம் நர்ஸ் என்று பெயரே தவிர நர்ஸுக்குப் படித்தவளில்லை. தோவாளைக்காரி. புருஷன் போனபிறகு திருவனந்தபுரம் வந்து, சாலைக் கம்போளத்தில் ஒரு மொத்தக் கடையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். தூசி நெஞ்சில் கட்டி இருமல் விடாமல் பிடித்ததும் பத்மஜா நடத்துகிற ஏஜென்சியில் பெயர் கொடுத்தாள். கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, துடைத்து, கஞ்சி புகட்டுகிற வேலை. ஸ்ரீவராகத்தில் இந்த வீட்டோடு தங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

வெங்கடகிருஷ்ணன் ஏஜீஸ் ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது ஒரே ஒரு சொல். 'போறும்.' பசித்தாலும் போறும், தாகமெடுத்தாலும் போறும், முதுகு வலித்தாலும் போறும். கண்ணைப் பார்த்துத்தான் எது என்று பிடிக்க வேண்டும்.

மகளுக்கு அவர் என்றால் உயிர், அதில் பொய்யில்லை. சின்ன வயசில் கோயில் ஆறாட்டுப் பார்க்க அவளைத் தோளில் வைத்துச் சங்குமுகம் கடற்கரை வரை நடந்தவர் அவர். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும். ஆனால் நிலைப்படியில் நின்றுதான் சொல்லுவாள், உள்ளே வரமாட்டாள். ஒரே ஒரு தரம் வந்து, அவர் இடுப்பில் சுற்றியிருந்த பழைய வேஷ்டித் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, முற்றத்துக்கு ஓடிக் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள். அதற்கப்புறம் மடி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். காலையில் குளித்தால் மத்தியானம் பாராயணம் முடிகிறவரை மடி. சாயங்காலம் விளக்கு வைத்தால் மறுபடியும் மடி. அந்த வீட்டில் அதற்கு முன்னால் அப்படியொரு மடியை யாரும் கண்டதில்லை. அப்பாவின் பீயைத் தொட அருவருப்பாக இருக்கிறது என்று நேராகச் சொல்லியிருந்தால் மங்கலம் பாதி மன்னித்திருப்பாள். இந்த வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கும்தான் சோறு இறங்கியதில்லை.

அது கொரோனா இரண்டாம் தடவை அடித்த வருஷம். இடவப்பாதிப் பருவமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட வேஷ்டித் துண்டுகள் காயாமல் புளித்த வாடை அடித்தன. மங்கலம் அவற்றை ஒவ்வொன்றாக இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத்தான் கிழவருக்கு வைப்பாள். ஈரத்துண்டு பட்டால் அந்தத் தோல் ஒரே நாளில் புண்ணாகிவிடும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் படுக்கையாளைப் பார்த்துக்கொண்டிருந்தான் யோசுவா என்கிற வித்துராக்காரன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிய கையோடு அந்த வீட்டார் மாங்காய் பறிக்கிற துரட்டியால் அவனுடைய பையைக் கொக்கிபோட்டுத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார்கள். அந்த வீட்டுக் கிழவரைக் குழந்தை மாதிரி அள்ளியெடுத்துக் குளிப்பாட்டினவன் அவன். பை மழையில் ஊறிக் கிடந்தது. பால் வாங்கப் போகும்போதெல்லாம் மங்கலம் அதைப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து ஒரு சட்டைக் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு எப்படியாவது கொரோனா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. செத்துப்போவோமோ என்கிற பயம் ஒரு பக்கம். பால்காரனிடமோ மருந்துக்கடையிலோ நோயை வாங்கிவந்து தன் கையாலேயே கிழவருக்குக் கொடுத்துவிடுவோமோ என்கிற பயம் அதைவிடப் பெரிது.

"மாமி, ஹெல்த் சென்டர்லருந்து மீரா சிஸ்டர் வந்திருந்தாங்க," என்று ஒருநாள் பேச்சை எடுத்தாள். "எங்கள மாதிரி ஆளுகளுக்குத் தனியாட்டு ஊசி போடுகாங்களாம். ஒரு காலம்பற விட்டா போதும். ஓடிப் போயிட்டு ஓடி வந்திருகேன்."

விஜயலக்ஷ்மி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பேஷாப் போட்டுக்கோ. யாரு வேண்டாம்னா? அசோசியேஷன்ல நாள் முழுக்க அதத்தானே எல்லார்ட்டயும் சொல்லிண்டிருக்கேன். ஆனா அந்த நேரத்துக்கு அப்பாவ யாரு பாத்துப்பா?"

"நீங்க இருக்கியள்லா."

"நான் மடியான்னா இருப்பேன். அதுவும் இல்லாம, ஊசி போட்டா ரெண்டு நாள் ஜுரம் வருமாமே. நீ படுத்துண்டுட்டா?"

"காச்சலோட நான் வேல செஞ்சதில்லயா மாமி? சாமிக்குத் தெரியும்."

"அதெப்படி? ஜுரத்தோட உன்ன அப்பா கிட்டக்க விடமுடியுமோ? அடுத்த வாரம் பாக்கலாம், கேட்டோ."

அடுத்த வாரம் கேட்டாள். அதற்கும் ஓர் அடுத்த வாரம் இருந்தது. விஜயலக்ஷ்மி தன் இரண்டு ஊசியையும் எப்போதோ போட்டு முடித்திருந்தாள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், குடியிருப்போர் சங்கத்தில் மகளிர் அணித் தலைவி. வாட்ஸப்பில் தினம் ஒரு செய்தி போடுவாள். 'நமது வீடுகளில் சேவை செய்யும் மாலாகாமார்களே, தயங்காமல் தடுப்பூசி எடுங்கள்' என்று கைகூப்பிய படத்தோடு. மலையாளத்தில் மாலாகா என்றால் தேவதை. அந்த தேவதை பின்கட்டில், தனித்தட்டில், ஆறிப்போன பொடியரிக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் தின்றுகொண்டிருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் சங்கத்துச் செயலாளர் நீலகண்டன் வந்தார். மின்சார வாரியத்தில் இருந்து ரிடையர் ஆனவர். கையில் புதுப் போன், கூடவே ஒரு பூங்கொத்து.

"இந்தத் தெருவுகள்ல இருக்கற ஹோம் நர்ஸ் ஒருத்தியும் ஊசிக்கு வரமாட்டேங்கறா, விஜயம்," என்றார். "போட்டா மாரடைச்சுச் செத்துப்போவோம், கை விளங்காமப் போகும்னு ஓரோ கதை. நாம சொன்னா ஏறாது. அவாள்ல ஒருத்தி சொன்னாத்தான் கேப்பா. ஒரு சின்ன வீடியோ எடுத்துடலாம்."

விஜயலக்ஷ்மி உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "மங்கலம், அந்தப் பச்சைப் புடவையக் கட்டிண்டு வா. மாஸ்க்கும் போட்டுக்கோ."

மங்கலம் வந்து நின்றதும் அவளுடைய ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டாள். பூஜை அலமாரியிலிருந்து விளக்குக்குத் திரி திரிக்கிற பஞ்சில் ஒரு துணுக்குப் பிய்த்து, மேல்கையில் வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். மங்கலத்துக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"போடாம எப்பிடி மாமி போட்டேன்னு சொல்லுகது?"

"அடுத்த வாரம் போட்டுக்கத்தானே போறே? முன்கூட்டிச் சொல்றோம், அவ்வளவுதான். உன்னால நாலு பேர் போட்டுண்டா புண்ணியமில்லியோ?"

நாலு பேர் என்றதும் மங்கலத்துக்கு யோசுவாவின் சட்டைக் கை ஞாபகம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டாள். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, "நான் போட்டாச்சு. ஒண்ணும் செய்யல்ல. நீங்களும் பயப்படாமப் போடுங்க," என்று போனைப் பார்த்துச் சொன்னாள். நீலகண்டன் கைதட்டினார். விஜயலக்ஷ்மி பக்கத்தில் நின்று, இவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி என்று மலையாளத்தில் பேசினாள். பேசி முடித்ததும் பூங்கொத்தைத் திரும்ப வாங்கிக் கூடத்து மேஜையில் வைத்தாள். பிளாஸ்திரியை உரிக்கும்போது கை முடியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு மங்கலத்துக்குக் கிடைத்த ஊசி அதுதான்.

வீடியோ ஸ்ரீவராகம், கோட்டை, சாலை என்று சுற்றியது. பால் பூத்தில் பொன்னம்மை அவளைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இவளும் ஹோம் நர்ஸ்தான், மேலத்தெருவில் ஒரு கிழவியைப் பார்க்கிறவள். பிடிவாதக்காரி. மீரா சிஸ்டர் தலைகீழாக நின்றும் மசியாதவள்.

"எக்கா, ஒங்க வீடியோவப் பாத்தேன். நீங்களே போட்டுட்டு இந்தா குத்துக்கல்லாட்டம் நிக்கியோ, எனக்கென்ன பயம்? சனியாச்ச பள்ளிக்கூடத்துல கேம்பாம். நாங்க எல்லாரும் போறோம்."

மங்கலம் கையை விடுவித்துக்கொண்டாள். இவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது? மங்கலம் வீடு திரும்பியதும், சனிக்கிழமை தானும் போகிறேன் என்றாள் மாமியிடம். கேட்கவில்லை, சொன்னாள். விஜயலக்ஷ்மி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "சீக்கிரம் வந்துடு," என்றாள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னே எழுந்து கிழவரைத் துடைத்து, பவுடர் தட்டி, கஞ்சியை வடிகட்டிப் புகட்டி, இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தாள். தேய்த்த துண்டுகளைத் தலைமாட்டில் அடுக்கினாள். "நனைஞ்சா மாத்துங்க மாமி. அப்பிடியே விட்டா பொத்துப்போவும்."

"தெரியும், தெரியும். நீ போ."

பள்ளிக்கூட வராந்தாவில் குடைகளோடு வரிசை நின்றது. எல்லாம் தெரிந்த முகங்கள், வீடு வீடாகப் பீ மூத்திரம் அள்ளுகிற கைகள். மங்கலத்தைக் கண்டதும் வரிசையே சிரித்தது. கேட்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த நீலகண்டனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நீ எதுக்கு இப்போ வந்தே?"

"ஊசி போட."

"மண்டைல ஏதாவது உண்டா உனக்கு? இத்தன பேரும் உன் வீடியோவப் பாத்துட்டு வந்து நிக்கறா. இப்போ நீ வரிசைல நின்னா என்ன நினைப்பா? அவளே போடல, நம்மள மாத்திரம் கொல்லப் பாக்கறான்னு அப்படியே திரும்பிப் போயிடுவா. பின்ன ஒருத்தியயும் பிடிச்சுக் கொண்டுவர முடியாது. உனக்கு வேற எங்கயாவது, வேற ஒருநாள், நான் ஏற்பாடு பண்றேன்."

அவள் வரிசையைப் பார்த்தாள். அந்த ஆள் சொல்வதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. பொய்யைச் செய்தது அவர்கள், அதைக் காப்பாற்றுகிற வேலையும் அவள் தலையில். பொன்னம்மை தூரத்திலிருந்து கைகாட்டினாள். மங்கலம் பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டு, மழையில் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே ஊதுபத்தி மணம் முகத்தில் அடித்தது. கூடத்தில் பாராயணம் நடந்துகொண்டிருந்தது. அறைக்கதவு சாத்தியிருந்தது. திறந்தால், கட்டிலைச் சுற்றி நாலு மூலையிலும் ஊதுபத்தி. கிழவர் அவள் படுக்க வைத்த அதே பக்கமாகவே கிடந்தார். போர்வையை விலக்கினாள். துண்டு மாற்றவில்லை. முழங்கால் வரைக்கும் வழிந்திருந்தது. அதன்மேல் டின் டின்னாகப் பவுடரைக் கொட்டி வைத்திருந்தது. ரோஜாப்பூ மணக்கிற பவுடர். வெள்ளையும் மஞ்சளுமாகக் குழைந்து, ஓரத்தில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

எத்தனையோ பீயை அள்ளியவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த அறையில் அவளுக்குக் குமட்டியது. பீ பார்த்து வந்த குமட்டல் இல்லை. அந்த ரோஜா வாசனை.

"போறும்," என்றார் கிழவர். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஆமா சாமி, போறும்," என்று சொல்லிக்கொண்டே வெந்நீர் கொண்டுவந்து ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தாள். பொருக்கை எடுக்கும்போது தோலும் சிவந்து வந்தது. அந்தத் துண்டுகளைப் போட்ட பக்கெட்டைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேராகக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வாடிப்போன பூங்கொத்து இருந்த மேஜைக்குக் கீழே வைத்தாள்.

விஜயலக்ஷ்மி மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சீ! என்ன காரியம் பண்றே? நான் பாராயணத்துல..."

"பவுடரப் போட்டு மூடுனது யாரு மாமி?"

"நாத்தம் தாங்கல. நீ இப்போ வந்துடுவியேன்னு..."

"ஒங்கள ஆறாட்டுக்குத் தூக்கிட்டுப் போன மனுசன். நீங்க அவரு தோள்ல மோண்டிருப்பியோ, பேண்டிருப்பியோ. பவுடர் போட்டா மூடுனாரு?" மங்கலம் தன் வெறும் மேல்கையைக் காட்டினாள். "ஊசியும் இல்ல, ஒண்ணுமில்ல. அங்க ஒரு பஞ்ச வெச்சு மூடுனியோ, இங்க ஒரு பவுடரப் போட்டு மூடுனியோ. எனக்கு அருவருக்கு. த்தூ! நான் திரும்பப் போறேன். அந்தப் பஞ்சு பொய்யின்னு சொல்லீட்டு, ஊசியப் போட்டுட்டு வாறேன்."

"அங்க போய் அப்படி ஒரு வார்த்தை சொன்னியோ, இந்த வீட்டுப் படி ஏறவேண்டாம்!"

மங்கலம் குடையைக்கூட எடுக்கவில்லை. முந்தானையில் பட்டிருந்த கறையோடு, நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தாள். நீலகண்டன் குறுக்கே கையை நீட்டினார். அவளிடமிருந்து வந்த வாடையில் அவரே கையை இழுத்துக்கொண்டார். அவள் வரிசையின் முன்னால் போய் நின்றாள்.

"பொன்னம்மே, எல்லாரும் கேளுங்க. நான் ஊசி போடல்ல. வீடியோல இருந்தது சும்மா பஞ்சு. திரிக்கு வெச்சிருக்க பஞ்சு. மாமி ஒட்டச் சொன்னா, நானும் ஒட்டிட்டு நின்னேன். போடக்கூடாதுன்னு இல்ல, எனக்கு லீவு தரல்ல. இப்பப் போட வந்திருக்கேன்."

வரிசை கலைந்து கூட்டமானது. "அப்போ நம்மள ஆடாட்டம் முன்னால விட்டுப் பாத்தாளா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஒன்றும் பேசாமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். கூப்பிட்டும் திரும்பவில்லை.

பொன்னம்மை முன்னால் வந்தாள். அவள் கையில் பஞ்சு இருந்தது. ஏற்கெனவே போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்திருந்தாள்.

"எக்கா, நீங்க சொன்னியோன்னு நம்பில்லா கைய நீட்டினேன்," என்றாள். முகம் சிவந்திருந்தது. "எனக்கு ஏதாம் ஆச்சுன்னா?"

"என்னய ரெண்டு அடி அடி, பொன்னம்மே. வாங்கிக்கிடுகேன்."

பொன்னம்மை அவளை மேலும் கீழும் பார்த்தாள். கறையைப் பார்த்தாள். அந்தக் கறை எந்த வேலையில் வருவது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அடிக்க மாட்டேன். ஆனா நான் பாக்கணும். என் கண்ணு முன்னால குத்தணும்."

சத்தம் கேட்டு மீரா சிஸ்டர் வெளியே வந்திருந்தாள். நீலகண்டனைப் பார்த்து, "சாரே, நிங்ஙளோடு ஞான் பின்ன சம்சாரிச்சோளாம்," என்றாள், உங்களை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன் என்கிற தோரணையில். பிறகு நாற்காலியை வராந்தாவுக்கே இழுத்துப் போட்டாள். "இவிட இரிக்கு சேச்சி. எல்லாரும் பாருங்கோ. இது மருந்து, இது ஊசி. ஆரும் பயப்படண்டா."

எல்லோரும் பார்க்க, மங்கலத்தின் கையில் ஊசி இறங்கியது. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. இதற்கா இத்தனை நாள் என்று அவளுக்கு அழுகை வந்தது. மீரா பஞ்சு வைத்தாள். பொன்னம்மை குனிந்து, பஞ்சைத் தூக்கிப் பார்த்து, அடியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்ததைக் கண்டபிறகுதான் விட்டாள். "செரி," என்றாள் வரிசையைப் பார்த்து. "நில்லுங்கட்டி." வரிசை மறுபடியும் நின்றது.

மங்கலம் திரும்பி வந்தபோது அவளுடைய பை வாசலுக்கு வெளியே மழையில் இருந்தது. சுவரில் மாங்காய்த் துரட்டி சாய்த்து வைத்திருந்தது. கையால் தொடக்கூட மனசு வரவில்லை போலிருக்கிறது. உள்ளே விஜயலக்ஷ்மி ஏஜென்சிக்காரி பத்மஜாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்துப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கப் பேசுவாள்.

"இவ வேண்டாம் பத்மஜா. வாய் ஜாஸ்தி. வேற ஒருத்திய இன்னிக்கே அனுப்பு. ஊசி போட்டவளாப் பாத்து அனுப்பு, கேட்டோ. ஊசி போடாதவாள நான் அப்பா கிட்டக்க விடமாட்டேன்."

"ஊசி போட்டவளா, மேடம்?" போனிலிருந்து பத்மஜாவின் குரல் வந்தது. "எல்லாரும் இன்னிக்குத்தானே போட்டா. அதுல வேலை இல்லாம ஒழிவா இருக்கறது ஒரே ஒருத்திதான். அவளும் போட்டாச்சுன்னு மீரா சிஸ்டர் இப்போதான் கூப்பிட்டுச் சொன்னா."

"யாரானாலும் சரி. பேர் என்ன?"

"மங்கலம்."

விஜயலக்ஷ்மி திரும்பினாள். மங்கலம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றிருந்தாள். அறைக்குள்ளிருந்து கிழவரின் குரல் வந்தது. போறும், போறும், போறும். கூடவே வாடையும் வந்தது.

பையை எடுத்துக்கொண்டு அப்படியே நடந்திருக்கலாம். சாலைக் கம்போளத்தில் பயறு புடைக்க இப்போதும் ஆள் தேடுகிறார்கள். மங்கலம் அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் தூக்கி, பின்கட்டுக்குப் போகாமல், கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமி, வாருங்க. கை கனக்கு. ஒத்தைக்குத் திருப்ப முடியாது. நீங்க பிடிக்கணும்."

கிழவரை ஒற்றையாகவே திருப்பியிருக்கலாம். அவள் திருப்புவதாக இல்லை.

"நான் மடி..."

"நாளைக்கு எனக்குக் காச்சல் வரும். அப்ப யாரு செய்வா? இன்னிக்கே பாத்துக்கிடுங்க."

விஜயலக்ஷ்மி தெருப்பக்கம் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மேஜைக்குக் கீழே இன்னும் இருந்த பக்கெட்டைப் பார்த்தாள். உதவிக்கு ஒன்றும் இல்லை. நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். மங்கலம் கிழவரைத் தன் பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டு வெந்நீர்த் துண்டை நீட்டினாள். விஜயலக்ஷ்மி அதை வாங்கினாள். ஒருதரம் ஓங்கரித்தாள், அடக்கிக்கொண்டாள். முகத்தை ஜன்னலுக்குத் திருப்பி, இரண்டு விரலால், தொட்டும் தொடாமலும் ஒரு இழுப்பு இழுத்தாள்.

கிழவர் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறார்.

"போறும்," என்றார்.

விஜயலக்ஷ்மி சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "அப்பாவே போறும்ங்கறார்."

"அவரு அப்பிடித்தான் சொல்லுவாரு," என்றாள் மங்கலம். "போறாது மாமி. இன்னும் தொடைங்க."